பழைய பவர் ஆம்ப் வாங்கப் போகிறீர்களா? மல்டிமீட்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள்

வீட்டு ஹை-ஃபை செட்டில் எதைச் செகண்ட் ஹேண்டாக வாங்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் பவர் ஆம்ப்ளிஃபையர் என்பேன். பழைய ஸ்பீக்கரில் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் உதிர்ந்துபோகும். சிடி பிளேயரில் லேசர் தேயும், மாற்று கிடைக்காது. ஸ்ட்ரீமருக்கு நாலைந்து வருடத்தில் அப்டேட் நின்றுவிடும். பவர் ஆம்பில் இந்தத் தொல்லைகள் இல்லை. ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், பெரிய கெப்பாசிட்டர்கள் சில, ட்ரான்ஸிஸ்டர்கள், சூட்டை வெளியே தள்ள ஒரு ஹீட் சிங்க், அவ்வளவுதான். நாற்பது வருடம் பழைய பெட்டியைக்கூட ஒரு நல்ல மெக்கானிக் மறுபடி பாட வைத்துவிடுவார்.

சிக்கலும் அதிலேயேதான் இருக்கிறது. எளிதாகத் திறந்து வேலை பார்க்க முடியும் என்பதாலேயே பல பெட்டிகளில் பலர் கை வைத்திருப்பார்கள். நல்ல ட்ரான்ஸிஸ்டரைக் கழற்றிவிட்டுப் போலியைப் போட்டிருப்பார்கள், ஃப்யூஸ் இருந்த இடத்தில் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அதனால் பெயரும் வாட்ஸும் எனக்கு இரண்டாம் பட்சம். உள்ளே யார் கை வைத்தார்கள், எப்படி வைத்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமும் சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் போதும்.

உங்களுக்குத் தேவை பவர் ஆம்ப்தானா?

பவர் ஆம்பில் பெரும்பாலும் வால்யூம் குமிழ் இருக்காது. பாட்டு வரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டனும் இருக்காது. உள்ளே வரும் சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளுவது ஒன்றே அதன் வேலை. எனவே அதற்கு முன்னால் ஒலியளவைக் கட்டுப்படுத்த ஏதாவது வேண்டும். அது ஒரு ப்ரீ-ஆம்பாக இருக்கலாம், வால்யூம் உள்ள டாக்காக (டிஜிட்டல் பாட்டை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டி) இருக்கலாம், பின்புறம் 'ப்ரீ அவுட்' உள்ள ஏவி ரிசீவராகவும் இருக்கலாம். வால்யூம் இல்லாத டாக்கை நேராகச் செருகிப் பாட்டைப் போட்டால் முழுச் சத்தமும் ஒரே அடியாக வரும், ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயியைத் தரும் சின்ன ட்வீட்டர் போய்விடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் தடவை வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான்.

கையில் ஒன்றுமே இல்லை, இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் தனி பவர் ஆம்ப் வேண்டாம். ப்ரீயும் பவரும் ஒரே பெட்டியில் இருக்கும் இன்டகிரேட்டட் ஆம்ப் மலிவாக முடியும். பின்னாளில் வளர இடம் தரும் இன்டகிரேட்டட் ஆம்புகளும் உண்டு. 1978-ல் வந்த நாட் (NAD) 3020 நல்ல உதாரணம். காகிதத்தில் வெறும் 20 வாட்ஸ்தான், ஆனால் பின்பக்கம் ப்ரீ பகுதியையும் பவர் பகுதியையும் தனித்தனியாகப் பயன்படுத்தும்படி சாக்கெட்டுகள் இருக்கும். அவற்றை இணைப்பது 'யு' போல வளைந்த சின்ன உலோகத் துண்டுகள். அவை தொலைந்துபோனால் சத்தமே வராது. இப்படிப்பட்ட பெட்டி 'டெட் கண்டிஷன்' என்று விலைக்கு வந்தால் முதலில் அந்தத் துண்டுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எத்தனை வாட்ஸ் வேண்டும்?

நம் ஊரில் பெட்டியின் மேல் 3000 வாட்ஸ், 5000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்ற காலம் ஒன்று உண்டு. பிஎம்பிஓ என்ற அந்தக் கணக்குக்கு ஒரு பொருளும் இல்லை. ஆர்எம்எஸ் என்றோ, தொடர்ச்சியான வாட்ஸ் என்றோ போட்டு, எத்தனை ஓம்ஸில் (ஸ்பீக்கரின் மின்தடை) என்றும் சொல்லியிருந்தால் மட்டுமே அந்த எண்ணை நம்பலாம்.

உங்கள் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் சத்தம் வரும் என்று அர்த்தம். 10 வாட் கொடுத்தால் 97, 100 வாட் கொடுத்தால் 107. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்கு அது கொஞ்சம்தான் தெரியும். சத்தம் இரண்டு மடங்கு என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஆகவே 50 வாட்ஸுக்கும் 70 வாட்ஸுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் நாம் சாதாரணமாகக் கேட்கும்போது ஆம்ப் தருவது ஒரு வாட்டுக்கும் கீழேதான். மீதி எதற்கு என்றால், தவில் அடி விழும் அந்த நொடிக்கு. அப்போது ஆம்புக்குத் தெம்பு இல்லையென்றால் அலையின் உச்சி வெட்டப்படும், அந்த வெட்டிய அலைதான் ட்வீட்டரைச் சுடும். அப்பார்ட்மென்ட் ஹாலுக்கும் சாதாரண 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கும் ஒரு சேனலுக்கு 40 முதல் 100 வாட்ஸ் தாராளம். ஸ்பீக்கர் 4 ஓம்ஸ் என்றால், அந்த ஆம்ப் 4 ஓம்ஸைத் தாங்குமா என்று பின்பக்கம் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இரண்டு சேனலையும் சேர்த்து ஒன்றாக்கும் 'பிரிட்ஜ் மோட்' போட்டால் ஆம்ப் பார்க்கும் ஓம்ஸ் பாதியாகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எந்தப் பெட்டிகளைத் தேடலாம்?

வீட்டு ஹை-ஃபை வகையில் எனக்கு மிகவும் மரியாதை உள்ளது குவாட் 405. இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் இருந்து பீட்டர் வாக்கரின் நிறுவனம் 1975-ல் கொண்டுவந்தது. சேனலுக்கு 100 வாட்ஸ். முன்பக்கம் முழுக்க ஹீட் சிங்க்தான், வேறு அலங்காரம் கிடையாது. 'கரண்ட் டம்ப்பிங்' என்ற அதன் சர்க்யூட்டில் பயஸ் (பாட்டு இல்லாதபோதும் ட்ரான்ஸிஸ்டர்களில் ஓடும் கரண்ட்) என்று திருகிச் சரிசெய்ய வேண்டியது எதுவும் இல்லை. பழைய ஆம்பில் இது பெரிய வரம், ஏனென்றால் பயஸைக் கண்டபடி திருப்பிக் கெடுக்க வழியே இல்லை. குறைகளும் உண்டு. இன்புட் பழைய நாலு முனை டின் (DIN) சாக்கெட், அதற்குத் தனி வயர் வேண்டும். முழுச் சத்தத்துக்கு அரை வோல்ட்டே அதற்குப் போதும், இன்றைய டாக்குகள் 2 வோல்ட் தருகின்றன. அதனால் வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிரும், நடுவில் சிக்னலைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர் போட்டால் சரியாகிவிடும். ஸ்பீக்கர் ஆம்புக்கு ஓட்டக் கொஞ்சம் கடினமானது என்றால் பின்னர் வந்த 405-2 நல்லது.

அமெரிக்காவின் ஆட்கம் ஜிஎஃப்ஏ-555 இன்னொரு பெயர் பெற்ற பெட்டி. 1985-ல் வந்தது, நெல்சன் பாஸ் வடிவமைத்தது, 8 ஓம்ஸில் 200 வாட்ஸ். கிடைத்தால் நல்லதுதான், ஆனால் வோல்ட்டேஜ் பற்றிக் கீழே சொல்வதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ரோட்டலின் ஆர்பி வரிசை பவர் ஆம்புகளும் உள்ளே எளிமையாக, மெக்கானிக்குக்குப் பிடித்த மாதிரி இருக்கும்.

நம் நாட்டுப் பெட்டிகளை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். கொல்கத்தாவின் சோனோடைன், மும்பையின் காஸ்மிக் போன்றவை நம் கரண்டுக்கென்றே செய்தவை, உதிரி பாகமும் எளிதில் கிடைக்கும். ஆனால் கல்யாண மண்டபத்தில் பார்க்கும் மைக் செட் ஆம்ப் வேறு வகை. அஹுஜா போன்றவற்றின் பல மாடல்களில் குழாய் ஸ்பீக்கருக்கான 70 வோல்ட், 100 வோல்ட் லைன் அவுட்புட் இருக்கும். அந்த முனையில் வீட்டு ஸ்பீக்கரை மாட்டக் கூடாது. பேச்சு தெளிவாகக் கேட்க அவை அருமை, ஹாலில் உட்கார்ந்து கச்சேரி கேட்க அல்ல.

சவுண்ட் சர்வீஸ்காரர்களிடமிருந்து வரும் ஸ்டீரியோ பவர் ஆம்புகள், யமஹாவின் பி வரிசை மாதிரி, வாட்ஸுக்கு மிக மலிவு. ஆனால் ஃபேன் ஓடும். பகலில் கடையில் கேட்காத அந்த இரைச்சல் ராத்திரி வீட்டில் கேட்கும். திருவிழாவில் எத்தனை இரவு முழு வால்யூமில் ஓடியது என்பதும் யாருக்கும் தெரியாது. அப்புறம், உள்ளூரில் கையால் கட்டிய அசெம்பிள்டு ஆம்ப். கட்டியவரை உங்களுக்குத் தெரிந்தால், அவர் இன்னும் அதே கடையில் இருந்தால், தைரியமாக வாங்கலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கையில் ஐந்தாயிரம்தான் இருக்கிறது என்றால் என் யோசனை வேறு. அந்த விலைக்குச் சந்தேகமான பழைய பெட்டியை வாங்குவதைவிட, டிபிஏ3116 போன்ற சிப் வைத்த சின்ன கிளாஸ் டி (அதிகம் சூடாகாத வகை) ஆம்பைப் புதிதாகவே வாங்கிக்கொண்டு காத்திருங்கள்.

100 வோல்ட்டா, 230 வோல்ட்டா?

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த செட்டுகள் 100 வோல்ட், அமெரிக்காவுடையவை 120. நம்முடையது 230. பின்பக்கத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஃபோட்டோ கேட்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். 100 வோல்ட் பெட்டியை நேராகச் செருகினால் சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் பவர் ஆம்புக்குத் தேவையான பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர் விலையும் அதிகம், எடையும் அதிகம், அதுவே உம்மென்று முனகவும் செய்யும். அந்தச் செலவைக் கூட்டித்தான் ஆம்பின் விலையைப் பார்க்க வேண்டும். தகட்டில் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 50 ஹெர்ட்ஸில் அதன் ட்ரான்ஸ்ஃபார்மர் இன்னும் சூடாகும்.

இங்கேதான் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்மவர்கள் எண்பதுகளில் சுமந்துவந்த செட்டுகளுக்கு மதிப்பு. அவற்றில் பலவற்றின் பின்னால் வோல்ட்டேஜ் மாற்றும் திருகு இருக்கும், ஜப்பான் தரமும் கிடைக்கும், நம் கரண்டுக்கும் ஒத்துவரும். செருகுவதற்கு முன் அந்தத் திருகு 220-லோ 240-லோ நிற்கிறதா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பணக் கணக்கு

உங்களிடம் 15,000 ரூபாய் இருந்தால் 10,000 ரூபாய்க்குள்தான் ஆம்ப் தேட வேண்டும். மீதி சர்வீஸுக்கு. முப்பது வருடம் தாண்டிய பெட்டியில் எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்திருக்கும், ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் ரிலே தேய்ந்திருக்கும், சோல்டர் விரிந்திருக்கும். 'ஃபுல் சர்வீஸ் பண்ணியாச்சு' என்று விற்பவர் சொன்னால் என்னென்ன மாற்றினார், யார் மாற்றினார் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டு வைத்திருப்பவரிடம் நான் பேரம்கூட அதிகம் பேச மாட்டேன்.

சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் ஆட்கள் தெரியவரும், அங்கே வாங்காவிட்டாலும் நல்ல மெக்கானிக்கின் அறிமுகம் கிடைக்கும். ஆனால் நல்ல பெட்டிகள் பெரும்பாலும் வீடுகளிலிருந்துதான் வருகின்றன. அப்பா கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது வீடு மாறுகிறோம், இடமில்லை என்று விற்பார்கள். உள்ளே திறந்தே இருக்க மாட்டார்கள். தூசி அரை அங்குலம் இருக்கும், பரவாயில்லை. துடைத்து மெருகேற்றிய கடைப் பெட்டியைவிட அந்தத் தூசிப் பெட்டியைத்தான் நான் எடுப்பேன்.

பார்க்கப் போகும்போது

எடுத்துப்போக வேண்டியவை: மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், டார்ச், ஒரு ஜோடி மலிவான ஸ்பீக்கர், ஆர்சிஏ வயர், பேட்டரியில் ஓடும் ஃபோன், மின்சாரம் 100 வாட் குண்டு பல்பு வழியாகவே ஆம்புக்குப் போகும்படி கட்டிய சீரிஸ் லேம்ப். உங்கள் நல்ல ஸ்பீக்கரை எடுத்துப்போகாதீர்கள். முன்பின் தெரியாத ஆம்பை அதில் மாட்டுவது தேவையில்லாத ஆபத்து.

முதலில் ஆம்பை ஆன் செய்ய விடாதீர்கள். ப்ளக்கைக் கழற்றிவிட்டு மேல் மூடியைத் திறக்க அனுமதி கேளுங்கள். திறந்த பிறகும் உள்ளே விரல் வைக்க வேண்டாம், கரண்ட் இல்லாவிட்டாலும் பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும். டார்ச் அடித்துக் கண்ணால் மட்டும் பாருங்கள்.

அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? எழுத்து, நிறம், கால்களின் சோல்டர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் புதுசாக மின்னினால் அந்தச் சேனல் ஒருமுறை எரிந்திருக்கிறது. எரிந்ததே குற்றம் இல்லை, சரியான பாகம் போட்டார்களா என்பதுதான் கேள்வி. டோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடிக்கும், சாங்கென் ட்ரான்ஸிஸ்டர்களுக்கும் சந்தையில் போலிகள் மலிந்துகிடக்கின்றன. மெதுவாகப் பாடும்போது போலி தாங்கும், ஒரு நாள் சத்தத்தைக் கூட்டும்போது போய்விடும், போகும்போது ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும்.

பெரிய கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். அடியில் பழுப்பாக ஏதாவது தெரிந்தால் உடனே கசிவு என்று முடிவுகட்ட வேண்டாம், பழைய ஜப்பான் பெட்டிகளில் கெப்பாசிட்டரை ஒட்டிய பசை காலப்போக்கில் அப்படித்தான் ஆகும். ஆனாலும் அந்தப் பசை பக்கத்துப் பாகங்களின் கால்களை அரிக்கும், சர்வீஸில் சுரண்டி எடுக்கச் சொல்ல வேண்டும். ஃப்யூஸைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடிக் குழாயின் மேல் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். கடலோர ஊர்ப் பெட்டி என்றால் திருகுகளிலும் சாக்கெட்டுகளிலும் துரு எவ்வளவு என்று கவனியுங்கள். பல்லி, கரப்பான் முட்டை எல்லாம் இருக்கும்; பல்லி குறுக்கே விழுந்து போர்டு எரிந்த செட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சீரிஸ் லேம்ப். பல வருடம் பரணில் கிடந்த ஆம்பை நேராக மின்சாரத்தில் மாட்டாமல் குண்டு பல்பு வழியாகக் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். இந்தச் சோதனை ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய ஆம்புக்குத்தான், பெரிய ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை உள்ள புது வகைகளுக்கு ஒத்துவராது.

பல்பு மங்கிவிட்டதா? சரி, இப்போது நேரடி மின்சாரம். ஸ்பீக்கர் இன்னும் மாட்டவில்லை. மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு சேனலின் சிவப்பு முனைக்கும் அதே சேனலின் கறுப்பு முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஆன் செய்ததும் எண் கொஞ்சம் அலையும், பத்து நிமிடம் பொறுங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் மிக நல்லது. 50 வரை ஒத்துக்கொள்ளலாம். 100-ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கர் அருகிலேயே போகாதீர்கள், அந்த டிசி ஸ்பீக்கரின் காயிலைக் கருக்கிவிடும். இந்த ஓர் அளவை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் விட்டுவிடாதீர்கள்.

பல ஆம்புகளில் ஆன் செய்து சில நொடி கழித்து 'டக்' என்று ரிலே சத்தம் கேட்கும். அது கேட்கவே இல்லை என்றால் ஏதோ கோளாறைக் கண்டு ஸ்பீக்கரை இணைக்காமல் புரொடெக்ஷனில் நிற்கிறது என்று அர்த்தம். குவாட் 405 போன்று ரிலே இல்லாதவையும் உண்டு, அவற்றில் அந்த 'டக்'கை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி ஸ்பீக்கரை மாட்டலாம். பாட்டு போடாமல் காதை வூஃபரில் வையுங்கள். மிக மெல்லிய 'ஸ்ஸ்' அல்லது 'ம்ம்' இருந்தால் தப்பில்லை, ஓரடி தள்ளி நின்றும் கேட்டால் கோளாறு. நான் முதலில் போடுவது தம்புரா சுருதி. இடைவிடாமல் ஒரே சீராக வருவதால் ஒரு சேனல் லேசாகத் தேய்ந்தாலும், அடியில் ஹம் கலந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மிருதங்கம், தொப்பியின் அடி கொழகொழவென்று இல்லாமல் நின்று ஒலிக்க வேண்டும். பிறகு ஒற்றைக் குரல். அது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இன்புட் வயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். சாய்வும் இடம் மாறினால் குறை ஃபோனிலோ வயரிலோ, மாறாவிட்டால் ஆம்பிலோ ஸ்பீக்கரிலோ. ஸ்பீக்கரையும் மாற்றிப் பார்த்தால் விஷயம் முடிந்தது.

இதையெல்லாம் சன்னமான சத்தத்திலும் கேட்க வேண்டும். நான் அதைச் செய்யாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கடையில் சத்தமாகப் போட்டுக் காட்டினார்கள், அருமையாகப் பாடியது. வீட்டில் ராத்திரி மெதுவாக வைத்தால் இடது பக்கம் கரகரவென்று தேய்ந்து மறையும், சத்தத்தைக் கூட்டினால் திரும்ப வந்துவிடும். ரிலேயின் முனைகள் கறுத்துப்போயிருந்தன. ரிலேயை மாற்றியதும் சரியாகிவிட்டது, ஆனால் கடையிலேயே பத்து நிமிடம் மெதுவாகக் கேட்டிருந்தால் விலையிலேயே அதைக் கழித்திருக்கலாம்.

கடைசியாக, அரை மணி நேரம் ஓடிய பிறகு ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று தோசைக்கல், ஒன்று பச்சைத் தண்ணீர் என்றால் பயஸ் தவறியிருக்கிறது. எப்போதும் நிறையக் கரண்ட் ஓடும் கிளாஸ் ஏ வகை ஆம்ப் இரண்டு பக்கமும் நன்றாகச் சுடும், அது அதன் இயல்பு.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

முடிந்தால் கையோடு எடுத்து வாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரின் எடை பெரும்பாலும் ஒரே பக்கம் இருக்கும், பார்சலில் தலைகீழாக விழுந்தால் அடித்தகடே வளைந்துவிடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் பெட்டிக்குள் பெட்டி, நடுவே கெட்டியான தெர்மோகோல். வெறும் பபிள் ஷீட் போதாது.

வந்ததும் ஒருநாள் தூரிகையால் தூசி தட்டி, சாக்கெட்டுகளில் எலெக்ட்ரானிக்ஸுக்கென்று விற்கும் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். மூடிய அலமாரியில் வைக்காதீர்கள். மேலே அரையடியாவது காற்று வேண்டும், டாய்லி விரித்துப் பூச்சாடி வைக்கும் இடமில்லை அது. எர்த் உள்ள மூன்று முனை சாக்கெட்டில் மாட்டுங்கள். லேப்டாப்பையோ செட்-டாப் பாக்ஸையோ இணைத்ததும் 'உம்ம்' என்று ஹம் வந்தால் ஆம்பைக் குற்றம் சொல்வதற்கு முன், எல்லா வயரையும் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடும் ஃபோனை மட்டும் இணைத்துப் பாருங்கள். ஹம் நின்றால் அது எர்த் லூப் (பெட்டிகளுக்கிடையே எர்த் வழியே சுற்றும் கரண்ட்), எல்லாப் பெட்டிகளையும் ஒரே போர்டிலிருந்து எடுத்தால் பல நேரம் அடங்கிவிடும். ஹம்மை நிறுத்த எர்த் முனையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

வாங்கிய அன்று அளந்த டிசி எண்களை, இடது இவ்வளவு, வலது இவ்வளவு என்று தேதி போட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஆம்பின் அடியில் ஒட்டிவையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து பார்க்கும்போது எண் ஏறியிருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.